ஓடை வரை

மலையடிவாரத்து ஆசிரமத்தில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் பூங்கோதை டீச்சர் வந்தார். வந்த இடத்தில் ஊரடங்கு பிடித்துக்கொண்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை. கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

ஆசிரமத்தை நடத்திய மெய்யம்மை, டீச்சரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மா. டீச்சருக்கும் அம்மாதான், குருவும்தான். அம்மாவோ தன் சிஷ்யையை ‘டீச்சர்’ என்றே கூப்பிடுவார்.

சித்திரைக் கடைசியில் திருச்சியிலிருந்து போன் வந்தது. டீச்சரின் ஒரே தம்பி குட்டுவனை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அடுத்த போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டாரைக்கூடக் கிட்டே விடவில்லையாம். துணியில் சுற்றி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

டீச்சர் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிரார்த்தனைக்கும் போகவில்லை. அம்மாவே சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றார்.

“தினமும் நன்றி சொல்லணும்னு சொல்லுவீங்களே,” என்றார் டீச்சர். “இப்போ எதுக்கும்மா நன்றி சொல்லட்டும்?”

அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

“சாப்பிட்டுட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க.”

“எங்கே?”

“ஓடை வரைக்கும்.”

பின்வாசலில் தொடங்கி ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆசிரமத்து நிலத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே நடப்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. அன்று முதல் காலைதோறும் இருவரும் நடந்தார்கள். அம்மா எதுவும் பேசமாட்டார். வழியில் நிழல் தந்த புங்கமரத்தைத் தொட்டு, “நல்லா இரு” என்பார். அவ்வளவுதான்.

முதலில் டீச்சர் தன் கால்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வேப்பம்பூ வாசனை தானாக வந்து மூக்கில் ஏறியது. இன்னொரு நாள், கொன்றை இவ்வளவு மஞ்சளாகவா பூக்கும் என்று நின்றுவிட்டார். அன்று ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். தூக்கமும் வந்தது. எப்போது விடியும் என்றுகூட இருந்தது. அம்மா முன்னால் போன சமயம் பார்த்துப் புங்கமரத்தைத் தொட்டார். திருடியவர்போலச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

வைகாசியில் ஒரு காலை. பாதை வளைவில் மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. எதிரே பெண்மயில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. ஆண்மயில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. திடீரென்று மலைக்காற்று பின்னாலிருந்து அடித்தது. விரித்த தோகை புடைத்துக்கொள்ள, மயில் நிற்கமுடியாமல் தத்தித் தத்தி ஓடிப்போய்ப் புதருக்குள் விழுந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது.

“டேய், அங்க பாருடா!” என்று பக்கத்தில் திரும்பினார்.

பக்கத்தில் அம்மா நின்றிருந்தார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்த கண்ணிலேயே தண்ணீர் கட்டியது.

“சிரிச்சுட்டேனேம்மா. அவன் போய் ஒரு மாசம்கூட ஆகலை. நானெல்லாம் ஒரு மனுஷியா?”

“யாரைக் கூப்பிட்டீங்க, டீச்சர்?”

“குட்டுவனைத்தான். வேற யாரைக் கூப்பிடுவேன்? சின்ன வயசிலேர்ந்து எதைப் பார்த்தாலும் அவன்கிட்ட காட்டித்தான் பழக்கம்.”

“இத்தனை நாளா அவர் எங்கே இருந்தார்?”

“ஆஸ்பத்திரியிலதாம்மா. நான் போய்ப் பார்க்கலை. ஆனா கண்ணை மூடினா அந்தக் கட்டில்தான். மூக்குல குழாயோட அங்கேயேதான் கிடந்தான்.”

“இப்போ?”

புதரிலிருந்து மயில் வெளியே வந்தது. உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி தோகையை விரித்தது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகைக்கு நடுவிலேயே இன்னொரு சிரிப்பு வந்தது. இம்முறை அவர் வாயைப் பொத்தவில்லை. கைகள் தானாகக் குவிந்தன.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“திரும்பிடலாமாம்மா? பிரார்த்தனைக்கு நேரமாச்சு.”

“இருக்கட்டும், டீச்சர்,” என்றார் அம்மா. “இன்னிக்குத்தானே அவர் வெளியே வந்திருக்கார். கொஞ்ச தூரம் நடக்கட்டும்.”