யார் குத்து பெரிய குத்து?

காட்டுக் குளத்தங்கரையில் இரண்டு முயல்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கைச்சண்டை இல்லை, வாய்ச்சண்டை.

முயல்கள் பின்னங்காலில் எழுந்து நின்று முன்னங்காலால் குத்திக்கொள்ளும். அந்தக் காட்டில் அப்படிப் பேர் வாங்கிய வீரர்கள் இரண்டு. ஒன்று இடிக்கை, இன்னொன்று சூறாவளி. இரண்டும் எப்போதோ செத்துப்போயின. அவற்றின் வெற்றிகளைப் பற்றிய பேச்சு மட்டும் சாகவில்லை.

"இடிக்கை கூழைவாலை ஜெயிச்சுதே, அதுதான் பெரிய வெற்றி" என்றது நெட்டைக்கால். "ஒரே குத்து. வலது காது கேக்காமலே போயிடுச்சு."

"சூறாவளியும் அதே கூழைவாலைத்தான் ஜெயிச்சுது" என்றது செம்பி. "இடது காதும் கேக்காம போயிடுச்சு."

"அப்போ அவருக்குக் கேட்டதே ஒரு காதுதான். ஒத்தைக் காதுக்காரரை ஜெயிக்கிறது ஒரு வெற்றியா?"

"ஒத்தைக் காதோட ரெண்டு மழைக்காலம் யார்கிட்டயும் தோக்காதவர் அவர். தெரிஞ்சு பேசு."

அந்தக் கூழைவால் இன்னும் உயிரோடுதான் இருந்தது. குளத்துக்கு மேற்கே ஓர் ஈச்சம்புதரில் தனியாகக் கிடந்தது. அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்கள் ஒருநாள்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்றதும் நெட்டைக்காலும் செம்பியும் ஓடின.

கிழட்டு முயல் எலும்பும் தோலுமாக இருந்தது. காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் அதற்குக் கொஞ்சம் கேட்கும்.

"மாமா, ரெண்டு பேர்ல யார் குத்து பெரிய குத்து?" என்று கத்தியது செம்பி.

கூழைவால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. தன் புதருக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதே அதற்கு ஆச்சரியமாக இருந்தது.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி செய்யணும். குளத்தோரப் புல்லைத் தின்னு ரொம்ப நாளாச்சு. நரி வர்றது எனக்குக் கேக்காதே, அதனால இந்தப் பட்டையைக் கடிச்சே காலம் போகுது. நான் மேயும்போது நீங்க காவல் இருங்க. நரியைப் பார்த்தா காலால தரையைத் தட்டுங்க. அது என் பாதத்துக்குத் தெரியும்."

"இவ்வளவுதானா மாமா? வாங்க" என்றது நெட்டைக்கால்.

அன்று சாயங்காலம் கூழைவால் வயிறு நிறைய அறுகம்புல் தின்றது. பிறகு முதல் சண்டையின் கதையைப் பாதி சொன்னது. மீதி நாளைக்கு என்றது. மறுநாள் மீதியைச் சொன்னது. இரண்டாவது சண்டையின் கதை அதற்கு மறுநாளுக்குப் போனது. செம்பி இடது காதின் தழும்பை முன்னங்காலால் அளந்தது, நெட்டைக்கால் வலது காதை அளந்தது. கூழைவால் குனிந்து காட்டியது. எந்த வெற்றி பெரியது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கு யார் வருவார்கள்?

இது ஏமாற்று வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏமாற்று வேலைதான். பசித்த வயிறு செய்த ஏமாற்று. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் நாள் இரண்டும் பொறுமை இழந்தன.

"மாமா, இன்னிக்குச் சொல்லியே ஆகணும். அங்க எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றது நெட்டைக்கால்.

கூழைவால் வாயிலிருந்த புல்லை மெல்லுவதை நிறுத்தியது.

"எனக்குத் தெரியலப்பா. ரெண்டு தடவையும் மயங்கி விழுந்துட்டேன். முழிச்சுப் பார்த்தப்போ ஒருத்தரும் இல்ல. எல்லாரும் ஜெயிச்சவன் பின்னாடி போயிட்டாங்க. அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மேயத் தொடங்கியது. அந்தப் பதில் இரண்டு பேருக்கும் போதவில்லை.

"மயக்கமே போட்டாருன்னா இடிக்கையோட குத்து எப்படி இருந்திருக்கும், பார்த்தியா?"

"சூறாவளி அடிச்சும்தான் மயங்கினாரு. அந்தக் குத்து இப்படி வந்தது, பாரு."

செம்பி எழுந்து நின்று குத்திக் காட்டியது. நெட்டைக்கால் பதிலுக்குக் குத்திக் காட்டியது. இரண்டும் தரை அதிர அதிரக் குதித்தன.

பாதத்தில் அதிர்வு பட்டதும் கூழைவால் பதறி நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் தன் பழைய சண்டையை நடித்துக் காட்டுகின்றன. அதற்குச் சிரிப்பு வந்தது. மறுபடி புல்லில் வாய் வைத்தது.

அப்போதுதான் நாணல் பக்கமிருந்து நரி வந்தது. முதலில் பார்த்தது செம்பி. தட்ட வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வரவில்லை. ஒரே பாய்ச்சலில் ஓடியது. நெட்டைக்காலும் பின்னாலேயே ஓடியது. எட்டுக் கால்களும் தரையில் தடதடவென்று விழுந்தன.

அந்தத் தடதடப்பு கூழைவாலின் பாதத்துக்கு நன்றாகவே தெரிந்தது. இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அது தலை நிமிராமல் மேய்ந்தது.

முட்புதருக்குள் புகுந்த பிறகுதான் இரண்டும் திரும்பிப் பார்த்தன. குளத்தோரத்தில் நரியும் இல்லை, கூழைவாலும் இல்லை.

"நீ தட்டுவேன்னு நினைச்சேன்" என்றது நெட்டைக்கால்.

"நீ தட்டுவேன்னு நான் நினைச்சேன்" என்றது செம்பி. அதற்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் குளத்தங்கரையில் மற்ற முயல்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டன.

"கிழவர் கடைசியா என்ன சொன்னாரு? யார் வெற்றி பெருசு?"

செம்பி தலையைக் குனிந்துகொண்டது. நெட்டைக்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேட்டவர்களோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வலது காதா, இடது காதா என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அடித்தவன் பெருமையை ஓயாமல் பேசி, அடிபட்டவனைக் காக்க மறந்தவர்களின் கையும் அவனை அடித்த கையே.