விடுபட்ட வரி

வேதியியல் துறைத்தலைவர் திருவேங்கடம் குடுவையைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. ஆராய்ச்சி மாணவி செங்கமலம் மூன்று வருடம் பாடுபட்டு உண்டாக்கிய மருந்துப் படிகத்தை, தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கட்டுரைக்குப் பரிசு தர இருந்த குழு, செய்துகாட்டச் சொல்லி வந்து நின்றது. கட்டுரைப்படியே எல்லாம் செய்தார். ஒரு படிகமும் விழவில்லை.

"ஏம்மா, வேடிக்கையா பாக்குறே? இப்பவே படிகம் விழணும். இல்லேன்னா உன் பட்டத்தை மறந்துடு!" என்று பக்கத்தில் நின்ற செங்கமலத்திடம் சீறினார்.

செங்கமலம் கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரை நாலு தடவை உரசினாள். படிகங்கள் பொலபொலவென்று இறங்கின.

"இது கட்டுரையில இல்லையேம்மா?" என்றார் குழுத்தலைவர்.

"செஞ்சவ பேரும் அதுல இல்லீங்க சார்."

குழு சிரித்தது. திருவேங்கடம் சிரிக்கவில்லை. அடுத்த இதழில் திருத்தம் வந்தது: குடுவையை உரச வேண்டுமாம். உரசியவள் பெயர் அதிலும் இல்லை.