இடுப்பளவுக்கு இறங்கிய மணிக்கயிறு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செங்கழனி நாட்டைக் கோதண்டவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். அரண்மனை வாசலில் நீதி கேட்க ஒரு பெரிய மணி தொங்கியது. "குள்ளனுக்கும் நீதி எட்டணும்" என்று ஒருநாள் அதன் கயிற்றை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டார். ஊரே மெச்சியது. அவர் பெற்ற இரண்டும் அதைவிட மெச்சின.

மூத்தவன் சேந்தன், இளையவள் வஞ்சி. "இவன் என் சடையை இழுத்தான்", டாண்! "இவள் நாக்கைத் துருத்தினாள்", டாண்! ராஜாவும் விசாரித்து, ஜெயித்த பிள்ளைக்கு லட்டு, தோற்ற பிள்ளைக்குக் கத்தல் என்று தீர்ப்புச் சொல்வார். லட்டு தின்ற வாயைத் துடைப்பதற்குள் அடுத்த டாண். வரப்புத் தகராறோடு வந்த குடியானவர்கள் பாவம், வெயிலில் காய்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் தூக்கம் கெட்ட ராஜா, "மணியைக் கழற்றி உருக்குங்கள்!" என்று கத்தினார்.

"வேண்டாம் மகாராஜா. ஜனங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்" என்றார் அமைச்சர் திருமேனியார்.

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சிங்காரவேலர் என்ற பிரபு இடையில் புகுந்தார். "அப்படியானால் பௌர்ணமிக்குள் இவரே பிள்ளைகளை அடக்கட்டும். அடிக்கக் கூடாது, குரல் உயரக் கூடாது. தவறினால் பதவி எனக்கு."

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

திருமேனியார் தலையாட்டி ஒத்துக்கொண்டார். அவருக்கும் கோபம் மூக்குநுனியில்தான் இருந்தது. இத்தனை நாள் அதை மறைத்து வைத்தது வெற்றிலைப் பெட்டி.

மறுநாள் விடிந்ததும் டாண். "என் பம்பரத்தை உடைச்சுட்டா!" "இவன்தான் முதல்ல கிள்ளினான்!" இரண்டும் ஒரே நேரத்தில் கத்தின. அமைச்சருக்கு அறைந்துவிடலாமா என்றிருந்தது. வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டார். வாய் நிறைய வெற்றிலை இருந்தால் யார் கத்த முடியும்? நிதானமாக மென்று, கோபம் இறங்கிய பிறகுதான் துப்பினார்.

"இனிமேல் லட்டு கிடையாது. புதுச் சட்டம் ஒன்று. தங்கச்சி பக்கத்து நியாயத்தை அண்ணன் சொல்லணும், அண்ணன் பக்கத்தைத் தங்கச்சி சொல்லணும். 'ஆமாம், அதுதான்' என்று மற்றவர் ஒத்துக்கொண்டால்தான் விசாரணை."

சேந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அவளுக்குப் பம்பரம் விட ஆசை. நான் தரலை." "இல்லை, இன்னும் இருக்கு" என்றாள் வஞ்சி. "கேட்டப்போ... கிள்ளினேன்" என்றான் சேந்தன். "ஆமாம், அதுதான்." அவள் முறை வந்தது. "அது அவனுக்கு ரொம்பப் பிடிச்ச பம்பரம்" என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? இரண்டும் பம்பரத்தை ஒட்டப் பசை தேடி ஓடின.

நாளாக ஆக, சண்டை வந்தாலும் மணிவரை வரவில்லை. வரப்புத் தகராறுகள் மளமளவென்று தீர்ந்தன.

பௌர்ணமியன்று காலையில் டாண். கயிற்றைப் பிடித்து நின்றவர் சிங்காரவேலர். "மகாராஜா, மோசடி! திருட்டுத்தனமாக லட்டு கொடுத்துப் பிள்ளைகளை மயக்கிவிட்டார்."

ராஜாவின் முகம் சிவந்தது. அதற்குள் வஞ்சி குறுக்கே வந்தாள். "மாமா, அமைச்சர் பக்கத்தை நீங்கதானே சொல்லணும்?"

"ஆமாம், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். சொல்லும்" என்றார் ராஜா.

"அவர்... பதவிக்காக எதையும் செய்வார்."

"இல்லை" என்றார் திருமேனியார், மென்றபடியே.

"பிள்ளைகளை ஏமாற்றி..."

"இல்லை."

பின்னால் குடியானவர்கள் காத்து நின்றார்கள். பிரபு அவர்களைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து சொன்னார்: "அவர் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவர் இடத்தின்மேல் எனக்குத்தான் ஆசை."

"ஆமாம், அதுதான்" என்றார் திருமேனியார்.

பதவி அவரிடமே நிலைத்தது. ராஜா தன் வெள்ளி வெற்றிலைப் பெட்டியையும் அவருக்கே பரிசாகக் கொடுத்தார். பிறகு பிரபுவைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தார். திருமேனியார் அந்தப் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். ராஜா ஒரு கணம் பார்த்தார், ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.