கூட்டைத் தொட்டவள்

ஒரு வழக்கு. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மழைக்காட்டுச் சரணாலயம். அங்கே பெண் இருவாச்சி முட்டையிட மரப்பொந்துக்குள் போனால், மண்ணும் எச்சமும் வைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை பழம் ஊட்டும்.

முன்பு பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் குஞ்சுகளைத் திருடி விற்றார்கள். பிடிபட்டவனெல்லாம், "இரை கொடுக்கத்தான் ஏறினேன்" என்பான். பிறகு அவர்களையே கூட்டுக்குக் காவல் வைத்தார் ரேஞ்சர். ஒரே விதி. கூட்டைத் தொட்டால் வேலை போகும். பார்த்தும் சொல்லாதவனுக்கும் போகும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இந்திராணியும்தான். புருஷன் இல்லாதவள், அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு காலை, அவள் காத்த மரத்தடியில் ஆண் பறவை செத்துக் கிடந்தது. உள்ளே தாயும் குஞ்சும். அடைப்பை உடைத்தாலும் பயனில்லை. பொந்துக்குள் தாய் சிறகு உதிர்த்திருக்கும், பறக்காது. குஞ்சு கத்தியது. விடாமல் கத்தியது. இந்திராணி உட்கார்ந்தாள், எழுந்தாள், மரத்தைச் சுற்றினாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் அத்திப்பழத்தை மடியில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

கூடக் காவலிருந்த கொழுந்தன் சிங்காரம் பதறினான். "அண்ணி, இறங்குங்க! நான் போய்ச் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லு கொழுந்தனாரே. வர்றப்ப வெறுங்கையோட வராம நாலு பழம் பொறுக்கிட்டு வா."

"வேலை போயிரும் அண்ணி!"

"கத்துறது உனக்குக் கேக்கலையா?"

போய்ச் சொன்னான். ரேஞ்சர் வந்து பார்த்தார்.

"விதி விதிதான். உன்னை வேலைய விட்டு எடுத்தாச்சு. ஆனா இப்ப இல்ல. குஞ்சு பறக்கிற வரைக்கும் நீயே ஊட்டு. பறந்த அன்னைக்கு நின்னுக்க."

ஊட்டினாள். குஞ்சு தேறத் தேற வேலை போகும் நாள் நெருங்கியது. தெரிந்தேதான் கொட்டும் மழையிலும் ஏறினாள். குஞ்சு பறந்தது. அன்றே அவள் வேலை போயிற்று.

ஏறியவள், சொன்னவன், நீக்கியவர். இதில் யார் செய்தது தவறு?

விடை: ரேஞ்சர். இந்திராணி உயிரைப் பார்த்தாள். விலையும் தெரிந்துதான் ஏறினாள். சிங்காரம் மறைத்திருந்தால் நாளை திருடனும் அதே சாக்கோடு ஏறுவான். ரேஞ்சரோ விதி, குஞ்சு இரண்டுக்கும் ஆசைப்பட்டார். அவள் செய்தது குற்றமென்றால் அன்றே இறக்கியிருக்க வேண்டும். குற்றமில்லை என்றால் நீக்கியிருக்கக் கூடாது. குற்றம் என்று சொல்லிவிட்டு, அதையே தினமும் செய்யவும் வைத்தார். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்கிறீர்களா? இல்லை. விடை கண்டுபிடிப்பது சுலபம். அதை ரேஞ்சரிடம் போய் யார் சொல்வது?