பின் வரிசைக் கால்

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றோரம் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். அவரிடம் வந்து சேர்ந்த சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். படிக்கட்டில் தொங்கியவர்களைத் திட்டித் திட்டியே தொண்டை கரகரத்துப் போனவர்.

பேரனின் காதுகுத்து அன்று, பூமாலை வந்து சேரத் தாமதமானதற்காக, சம்பந்தி வீட்டார் முன்னால் மகள் காந்திமதியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

அவள் அழவில்லை. "ஒரு மண்டலம் கோபப்படாம இருங்கப்பா. இருந்தீங்கன்னு மடத்துச் சாமி வாயால சொல்லணும். அதுவரைக்கும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்க வேண்டாம்" என்றாள்.

மடத்தில் அவருக்கு நாற்பத்தெட்டாம் நாள் காலையும் வந்தது. வழக்கம்போல ஆவுடையப்பன் சாமியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எப்போதோ மண்வெட்டி பட்டு, வலது பெருவிரலில் நகம் போன கால். தினமும் அந்த விரலில்தான் அவர் கை முதலில் படும்.

"இன்னையோட முடியுது சாமி. ஒரு சுடுசொல் சொல்லலை. நாளைக்குத் தென்காசிக்கு, மக வீட்டுக்குப் பஸ் ஏறலாமா?"

"இங்க உமக்குக் கோபம் வர யாரு இருக்கா? நான் இருக்கேன், ஒரு பசு இருக்கு. டவுன்ல போய் மத்தியானம் ஒரு படம் பாத்துட்டு வாரும். முழுசாப் பாக்கணும்."

"நீங்க வரலையா?"

"எனக்கு ஒரு வேலை இருக்கு."

கொட்டகையில் நல்ல கூட்டம். விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில், பின்னாலிருந்து நாற்காலியில் ஓர் உதை விழுந்தது. ஆவுடையப்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் வாய் சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது உதை. காதருகே முறுக்குப் பொட்டலம் சரசரத்தது. கதாநாயகி அழுகிற இடத்தில் ஒரு செல்போன் நாதஸ்வரம் வாசித்தது. பின்னால் இருந்தவன் எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். "என்ன அண்ணாச்சி, உங்க சீட்டைத்தான் உதைக்கான். மண்ணு மாதிரி இருக்கீய?"

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடணும் தம்பி."

"அப்ப நாளைக்கு வந்து சண்டை போடுவீயளோ? அவன் நாளைக்கு வருவானா?"

இடைவேளையில் ஆவுடையப்பன் தலையைக் குனிந்தபடியே வெளியே போனார். விளக்கு அணைந்த பிறகே வந்து உட்கார்ந்தார். உதை நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காந்திமதி, காந்திமதி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். பின்னாலிருந்து ஒரு வெறுங்கால் மேலே ஏறி, அவர் தோளில் சாவகாசமாக உட்கார்ந்தது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார்.

"எந்த நாய்ப்பயலே அது? காலை ஒடிச்சிருவேன்லே." காலை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார்.

"யோவ், உக்காரும்யா. மறைக்குல்லா" என்று பின் வரிசைகளில் சத்தம் எழுந்தது.

"மறைச்சா என்னலே? பொத்திக்கிட்டுக் கெட." பஸ்ஸில் முப்பது வருஷம் முழங்கிய அதே குரல்.

அப்போதுதான் அவர் விரல் அந்த இடத்தில் பட்டது. நகம் இருக்க வேண்டிய இடம். வழவழவென்று வெறும் தோல்.

கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. திரையில் வெளிச்சம் வந்தபோது துண்டால் முக்காடிட்ட முகம் தெரிந்தது. மடியில், மடத்தருகே இருந்த டீக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய செல்போன் கிடந்தது.

காலை விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. நாற்காலியிலேயே பின்பக்கம் பார்த்து முழங்காலிட்டார்.

"சாமி... நீங்களா?"

"நான்தான்."

"உதைச்சதெல்லாம்?"

"எல்லாம் நான்தான். முறுக்கு மட்டும் நல்லா இருந்துச்சு."

பக்கத்தில் இருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவுடையப்பன் அந்தக் காலைக் கண்ணில் ஒற்றப் போனார். அழுகை வந்துவிட்டது.

"நாற்பத்தெட்டு நாளு தொட்டுக் கும்பிட்ட கால் சாமி. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா இந்த வாயில ஒரு வார்த்தை வந்திருக்குமா? யாரோன்னுல்லா நெனச்சேன்."

சாமி காலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"காந்திமதியை யாருன்னு தெரிஞ்சுதானே வே அடிச்சீரு?"