உப்புக் கரைத்த குட்டை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மேகத்துக்கு மேலே தலையை நீட்டிக்கிட்டு ஒரு மலை இருந்தது. அதன் உச்சியிலே ஒரு குட்டை. குட்டை நிறையக் கட்டைவிரல் அளவுச் செவ்வயிற்றுத் தேரைகள். உலகத்திலே வேற எந்த மலையிலும் அந்தத் தேரை கிடையாது. கீழே இறங்கினா வெயில் தாங்காது. மேலே ஏறவோ மலை இல்லை.

அங்கே எருமை மேய்த்தவன் மசணன். அவன் பெண்டாட்டி கெம்பி. ஒருநாள் ஒரு மந்திரவாதி சாக்கோட ஏறி வந்தான். சாகாமருந்து காய்ச்சணுமாம், தேரை மொத்தமும் வேணுமாம். அதுவும் மலைக்காரங்க தங்கள் கையாலே பிடிச்சுக் குடுத்தாத்தான் பலிக்குமாம்.

"ஒண்ணுகூடத் தர மாட்டேன்" என்றான் மசணன்.

"அப்போ நீயும் தேரையாக் கிட. இதே பேச்சு உன் பெண்டாட்டி வாயிலே வர்ற அன்னைக்கு மனுசனாகு. வராதுடா. அவளுக்கு நீதான் வேணும்."

கெம்பி வந்து பார்த்தா, கரையிலே கம்பும் கம்பளியும்தான் கிடக்கு. "உன் ஆள் தேரையாத் தண்ணியிலே இருக்கான், தேடிக்கோ"ன்னு சொல்லிட்டு மந்திரவாதி இறங்கிப் போயிட்டான். ஒவ்வொரு தேரையா எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே அச்சு. உட்கார்ந்து அழுதாள், பாவம்.

நாம அழுதா எருமைக்குத் தெரியுமா? அமாவாசைக்கு அமாவாசை அதுக்கு உப்புத்தண்ணி காட்டணும். மசணன் அடிவாரத்திலே உப்புக் கரைக்கிற குழிவரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போவான். ஏன் அவ்வளவு தூரம்னு கெம்பி கேட்டதே இல்லை. புருஷனை விட்டுப் போக மனசில்லாம, குட்டையிலேயே மூணு கூடை உப்பைக் கொட்டிட்டாள். ஒரே ஒரு தேரை மட்டும் விடாமக் கத்திச்சு. மழை வரும்போலன்னு எருமையை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாள்.

விடிஞ்சு பார்த்தா, பாதித் தேரை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. ஐயோ, இதிலே எது மசணன்? புரட்டிப் புரட்டிப் பார்த்தும் தெரியலை. கரையை வெட்டி உப்புத்தண்ணியை வடிச்சாள். ஊத்திலிருந்து குடம் குடமா நல்ல தண்ணி சுமந்தாள். சுத்திலும் முள்வேலி போட்டாள். எருமையை அடிவாரத்துக்கே ஓட்டினாள்.

போறவங்க வர்றவங்க, "இதிலே எதும்மா உன் புருஷன்?"னு கேட்பாங்க.

"தெரியலையே. அதான் எல்லாத்தையும் பார்த்துக்கிறேன்" என்பாள்.

மூணு வருஷம் கழிச்சு மந்திரவாதி மறுபடி வந்தான், அதே சாக்கோட. அவள் புருஷன் எதுன்னு காட்டி, அவனை மனுசனாக்கித் தர்றானாம். மிச்சத்தை மட்டும் பிடிச்சுக் குடுத்தாப் போதுமாம்.

கெம்பிக்கு ஆசை இல்லாமலா? சாக்கைப் பார்த்தாள், குட்டையைப் பார்த்தாள்.

"பாதியை நானே கொன்னுட்டேன். இனிமே ஒண்ணுகூடத் தர மாட்டேன்" என்றாள். சொல்லிட்டு, புருஷன் போயே போயிட்டான்னு தரையிலே விழுந்து அழுதாள்.

அந்தப் பேச்சு காதிலே விழுந்ததுதான் தாமதம், சாக்கு சாம்பலாச்சு, மந்திரவாதியும் சாம்பலாப் பறந்தான். குட்டையிலிருந்து மசணன் எழுந்து வந்தான். முதுகெல்லாம் வெந்த தழும்பு.

கெம்பி தழும்பைத் தொட்டாள். அவன் மெதுவாச் சொன்னான்: "அன்னைக்குக் கத்தினது நான்தான்."

அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப காலம் வாழ்ந்தாங்க. தேரையும் கொஞ்சம் கொஞ்சமாப் பெருகிச்சு, பழைய அளவுக்கு இல்லை. தேரை கத்தினா ஊரே மழைன்னு சொல்லும். கெம்பி மட்டும் கையிலே இருக்கிறதைப் போட்டுட்டு உச்சிக்கு ஓடுவாள். ஒரு கை தண்ணி அள்ளி நாக்கிலே வெச்சுப் பார்ப்பாள்.