விளம்பரம் இல்லாத பாட்டு

சிறுமலையில் பாதி ஏறியதும் ஒரு மடம் வரும். அங்கே தீட்சை கேட்கிறவர்கள், அதற்கு முதல் நாள் காலையில் தமக்கென்று இருக்கிற எல்லாவற்றையும் ஒரு கோரைப்பாயில் கொண்டுவந்து வைக்க வேண்டும். குரு ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவார். பாய் காலியானால் மறுநாள் தீட்சை. புதுப் பெயர்.

சௌந்தரவல்லி அந்தப் பாய்க்காக மடத்தில் மூன்று வருஷம் காத்திருந்தாள். வயது ஐம்பத்தெட்டு. திண்டுக்கல்லில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவள். கணவர் காலமானபின் வீட்டை மகள் பேருக்கு எழுதி வைத்துவிட்டு மலையேறினாள்.

குரு நிறைமதி அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. தன்னைவிட மூத்தவர்களை அவர் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். தீட்சை ஆனபிறகு புதுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று சௌந்தரவல்லி கீரை ஆயும்போதுகூட யோசித்திருக்கிறாள்.

அன்று பாயில் இரண்டு நூல் புடவை, ஒரு ஸ்வெட்டர், கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செல்போன் எல்லாம் இருந்தன. ஓரத்தில் பேங்க் கார்டு, இரண்டு துண்டாக.

மடத்துச் சமையல் ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

"கார்டை எதுக்கு வெட்டினீக?"

"இனிமே எனக்கு எதுக்கு அது?"

"வெட்டினா நம்பர் மறந்துருமாக்கும்."

சௌந்தரவல்லி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தாள். பதினாறு எண்ணும் மனப்பாடம். பின்னால் இருக்கிற மூன்று எண்ணும்கூட.

அந்தக் கார்டுக்குக் கடைசி வேலை போன வெள்ளிக்கிழமை. பல் வைத்தியரைப் பார்க்கத் திண்டுக்கல் போனவள், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அதைச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை கத்தரியை எடுத்தாள். நடுவில் இரண்டு நாள் நிம்மதியாகத்தான் தூங்கினாள்.

குரு வந்து பாயின் எதிரே உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"இது கண்ணோட சேர்ந்தது. போட்டுக்குங்க."

ஸ்வெட்டர் காவல்காரருக்குப் போனது. கடிகாரம் மணி அடிக்கிற தங்கராசுக்கு. புடவைகளைக் கீழே டீக்கடை அம்மாளுக்கு என்று ஒதுக்கினார். போனை எடுத்தார்.

"வேலை செய்யுதா அக்கா?"

"நல்லா செய்யுதும்மா."

"ராக்காயி, உன் போன்தான் குழம்புல விழுந்துபோச்சே. இந்தா."

ராக்காயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அங்கே தொட்டாள், இங்கே தொட்டாள். பாட்டு ஒன்று கிளம்பியது. அதை நிறுத்தத் தெரியவில்லை. குருவும் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று பேரும் கேட்டார்கள்.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது வந்தது. அது முடிந்து மூன்றாவது.

ராக்காயி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, விளம்பரத்தையே காணோம்? எம்மகன் போன்ல ரெண்டு பாட்டுக்கு ஒருக்க பல்பொடி விப்பாக."

"பாட்டு ஆப்புக்குச் சந்தா கட்டினா விளம்பரம் வராது" என்று சொல்லிவிட்டாள் சௌந்தரவல்லி. சொன்னபிறகுதான் வாயை மூடினாள்.

குரு பாட்டு முடியும்வரை காத்திருந்தார்.

"எப்ப கட்டினீங்க?"

"போன வெள்ளிக்கிழமைம்மா. பஸ் ஸ்டாண்டுல."

"எவ்வளவு நாளைக்கு?"

சௌந்தரவல்லி வெட்டிய கார்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வருஷத்துக்கு."

ராக்காயி "ஆத்தே" என்றாள், மெதுவாக.

"மாசத்துக்குக் கட்ட முடியாதா?" என்று கேட்டார் குரு. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"முடியும்மா. வருஷமாக் கட்டினா ரெண்டு மாசம் லாபம்."

குரு தலையசைத்தார், கடைக்காரர் கணக்குச் சொன்னால் அசைப்பதுபோல.

"போனைப் பாய்ல வைக்கணும்னு அப்பவே தெரியும் இல்லையா?"

"தெரியும்மா. ஆனா அது இந்தப் போன்ல மட்டும் இல்ல. பாஸ்வேர்டு போட்டா எந்தப் போன்லயும் கேக்கலாம். மடத்து ஆபீஸ் போன்லகூட." கையைப் பாய்மேல் விரித்தாள். "பாய்ல வைக்கிற பொருளா அது? எதை எடுத்து வைக்கிறது?"

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் ஆபீஸ் விட்டு வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், யாரும் எதுவும் கேட்காத அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் கேட்ட பாட்டு. அதை இங்கே சொல்லலாமா என்று நினைத்தாள். வேறொன்றைக் கேட்டாள்.

"துறவின்னா பாட்டுக் கேக்கக் கூடாதாம்மா?"

"யார் சொன்னது? மாட்டுக்காரர் காலையில பாடினார். நானும் நின்னு கேட்டேன். ரெண்டாவது அடியை மறந்துட்டார் பாவம்."

"அப்ப நாளைக்குத் தீட்சைக்குத் தடை இல்லையே?"

குரு ராக்காயியிடம் கையை நீட்டினார். ராக்காயி போனை முந்தானையால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தாள். வருத்தம்தான், ஆனால் கொடுத்தாள். குரு அதைக் மற்றபடி காலியாகக் கிடந்த பாயில், கார்டுத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பணம் கட்டினவங்களே இந்த வருஷத்தை இருந்து கேட்டு முடிக்கட்டும்" என்றார். "தீட்சைக்கு அவசரம் இல்ல. லாபமா வந்த ரெண்டு மாசத்தையும் விட்டுடாதீங்க, அக்கா."